நூடுல்ஸ் கடையைத் தேடி: லான்சோ நகரத்துக் கிண்ணம் சொல்லும் வரலாறு

பொழுது இன்னும் நன்றாகப் புலரவில்லை. சீனாவின் வடமேற்கே, மஞ்சள் ஆற்றின் இரு கரைகளிலும் நீண்டு கிடக்கும் லான்சோ நகரம் அப்போதுதான் கண் விழிக்கிறது. தெருவெல்லாம் குளிரில் உறைந்து கிடக்க, சில கடைகளின் வாசலில் மட்டும் ஆவி பொங்கி எழுகிறது. உள்ளிருந்து 'தொப், தொப்' என்று மாவை மேசையில் அறையும் ஓசை கேட்கிறது. ஆலைக்குச் செல்லும் தொழிலாளி, பள்ளிச் சிறுவன், அலுவலகக் கணக்கர் என்று எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். நம் ஊரில் காலையில் இட்லிக் கடை முன் கூட்டம் கூடுவதைப் போன்ற காட்சி இது. அவர்கள் காத்திருப்பது ஒரு கிண்ணம் மாட்டிறைச்சி நூடுல்சுக்காக!

புதிதாக வந்த பயணி ஒருவர் இந்த நகரில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சீன மொழி தெரியாது. தெருவுக்குத் தெரு நூடுல்ஸ் கடைகள். எந்தக் கடையில் நுழைவது? நல்ல கடையை எப்படி அறிவது?

லான்சோ மக்கள் இதற்கு ஒரு எளிய வாய்பாடு வைத்திருக்கிறார்கள். ஒன்று தெளிவு, இரண்டு வெண்மை, மூன்று சிவப்பு, நான்கு பச்சை, ஐந்து மஞ்சள். கிண்ணத்தைப் பார்த்து இந்த ஐந்தையும் சரிபார்த்தால் போதும். கேட்பதற்குச் சமையல் குறிப்பு போல இருக்கிறது. ஆனால் இந்த ஐந்து சொற்களுக்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது. நாலாயிரம் ஆண்டு வரலாறும் இருக்கிறது. வரலாற்றை முதலில் பார்ப்போம். பிறகு கடைக்குத் திரும்புவோம்.

கவிழ்ந்து கிடந்த கிண்ணம்

லான்சோவுக்கு மேற்கே, நேர்கோட்டில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில், அதே மஞ்சள் ஆற்றின் கரையில் லாஜியா என்னும் இடம் உள்ளது. இது சிங்காய் மாகாணத்தைச் சேர்ந்தது. சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு சிற்றூர் இருந்தது. ஒரு நாள் நிலநடுக்கம் வந்தது; வெள்ளமும் வந்தது. ஊர் மண்ணுக்குள் புதைந்தது. தொல்லியலார் தோண்டியபோது, வீடுகளுக்குள் இறந்தவர்களின் எலும்புக்கூடுகள் அப்படியே கிடந்தன. குழந்தையை அணைத்தபடியே உயிர்விட்ட ஒரு பெண்ணின் எலும்புக்கூடும் அவற்றுள் ஒன்று.

அந்த ஊரில் ஒரு மண் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. அது இருந்த ஆழம் 3 மீட்டர். கிண்ணத்தை மெல்லத் தூக்கிய ஆய்வாளர்கள் திகைத்துப் போனார்கள். உள்ளே, களிமண் திரளின் மேல், மஞ்சள் நிறத்தில் நீண்ட இழைகள் சுருண்டு கிடந்தன. ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் தடிமன். நீளமோ 50 சென்டிமீட்டர் வரை! யாரோ உண்ண எடுத்து வைத்து, உண்ணாமலே போன உணவு அது. கிண்ணம் கவிழ்ந்ததால் உள்ளே காற்றுப் புகாத வெற்றிடம் ஏற்பட்டு, அந்த உணவு உருக்குலையாமல் இருந்திருக்கிறது. வெளிக்காற்றுப் பட்டதும் இழைகள் விரைவில் சிதைந்துவிட்டன. நிழற்படமும் எஞ்சிய துகள்களுமே சான்றாக மிஞ்சின.

2005-ஆம் ஆண்டு அக்டோபரில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் இச்செய்தி வெளிவந்தது. துகள்களில் இருந்த மாவுச்சத்து மணிகளையும், உமியில் இருக்கும் நுண்ணிய சிலிகாத் துகள்களையும் நுண்ணோக்கியில் பார்த்து, இந்த நூடுல்ஸ் எந்தத் தானியத்தால் ஆனது என்று ஆய்வாளர்கள் கூறினார்கள். கோதுமை இல்லை, தினையும் பனிவரகும்!

இங்கேதான் சிக்கல் எழுந்தது.

தினை மாவு இழுபடுமா?

கோதுமை மாவில் நீர் விட்டுப் பிசைந்தால் அது சவ்வுபோல் இழுபடுகிறது. காரணம் என்ன? கோதுமையில் கிளையடின், குளூட்டனின் என்னும் இருவகைப் புரதங்கள் உள்ளன. நீர் பட்டு, பிசையும் அழுத்தமும் சேர்ந்ததும் இவை ஒன்றோடொன்று பின்னி 'குளூட்டன்' என்னும் வலையாகின்றன. குளூட்டனின் மாவுக்கு மீள்விசையைத் தருகிறது. கிளையடின் அதை அறுபடாமல் நீளவிடுகிறது. பரோட்டாக் கடையில் மாவை வீசி வீசி மெல்லிய துணிபோல் ஆக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வேலை செய்வதும் இந்தக் குளூட்டன்தான்.

தினையிலும் பனிவரகிலும் இந்தக் குளூட்டன் கிடையாது. அந்த மாவை இழுத்தால் பொலபொலவென்று உதிரும். பிறகு எப்படி 50 சென்டிமீட்டர் இழை கிடைத்தது? வேறு ஆய்வாளர்கள் தினை மாவைப் பிசைந்து இழுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. கொதிநீரில் வெந்த மாவுச்சத்து மணிகள் உருவம் கெட்டுப்போகுமே, நுண்ணோக்கியில் கண்ட மணிகள் எப்படி முழுதாக இருந்தன என்றும் கேட்டார்கள். நல்ல கேள்விகள்தாம்.

2014-இல் முதல் குழுவினர் விடை ஒன்றைக் கூறினார்கள். தினை மாவைச் சூட்டில் பசையாக்கி, துளையிட்ட அச்சில் வைத்து அழுத்தினால் நீண்ட இழைகள் வரும் என்று செய்தே காட்டினார்கள். வடசீனக் கிராமங்களில் இத்தகைய மர அச்சு இன்றும் வழக்கில் உள்ளது. அதை நேரே கொதிக்கும் பானையின் மேல் வைத்து அழுத்துவார்கள்.

இதைப் புரிந்துகொள்ள நமக்குச் சீனாவரை போகவேண்டியதில்லை. அரிசியிலும் குளூட்டன் இல்லை. ஆயினும் நம் வீட்டில் இடியாப்பம் நூல் நூலாக வருகிறதே! கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, நாழியில் இட்டுப் பிழிகிறோம். சூட்டால் பசையான மாவுச்சத்தே இழையைப் பிடித்து நிறுத்துகிறது. அடிப்படை ஒன்றே.

லாஜியாக் கிண்ணத்தைப் பற்றிய விவாதம் முற்றிலும் ஓய்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒன்று தெளிவாகிறது. நூடுல்ஸ் செய்யும் வழிகளுள் இரண்டை இங்கே காண்கிறோம்: ஒன்று பிழிவது, மற்றொன்று இழுப்பது. இழுப்பதற்குக் கோதுமை வேண்டும். அந்தக் கோதுமையோ சீனாவுக்கு வெளியூர்ப் பயிர்.

கோதுமை வந்தது, திரிகை சுழன்றது

கோதுமை சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவில் பயிராக்கப்பட்டது. நாலாயிரம், நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் அது வடசீனாவை எட்டியது. ஆனால் வந்தவுடன் நூடுல்ஸ் ஆகிவிடவில்லை. தினையைப் போலவே கோதுமையையும் மக்கள் முழுத் தானியமாக வேகவைத்து உண்டார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கடினமான தோலுடைய கோதுமை அப்படி உண்பதற்குச் சுவையாக இராது. ஹான் மன்னர் காலத்தில் (கி.மு. 206 முதல் கி.பி. 220 வரை) சுழலும் கல் திரிகை பரவலாயிற்று. மாவு எளிதாகக் கிடைத்ததும் கோதுமையின் தலைவிதியே மாறிற்று. மாவில் செய்த பண்டங்களை எல்லாம் சீனர்கள் 'பிங்' என்று அழைத்தார்கள்.

கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் ஜியா சூஷியே என்னும் அதிகாரி 'சிமின் யாவ்ஷூ' என்ற வேளாண்மை நூலை எழுதினார். உழவு, விதை, கால்நடை ஆகியவற்றோடு சமையலையும் அவர் விடவில்லை. மாவைச் சாப்பாட்டுக் குச்சியின் தடிமனுக்கு உருட்டி, நீரில் ஊறப் போட்டு, பிறகு கொப்பரையின் மேலேயே கையால் அழுத்தி, ஒருவகை வெங்காயத் தாளின் இலை அளவுக்கு மெல்லியதாக்கி வேகவைக்கும் முறையை அவர் விவரிக்கிறார். அந்த இலையின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கடையில் அதைச் சந்திக்கப் போகிறோம்!

மாவை ஏன் நீரில் ஊறவிட வேண்டும்? பிசைந்த உடனே குளூட்டன் வலை இறுக்கமாக இருக்கும். இழுத்தால் சுருங்கும், அல்லது அறுந்துபோகும். சற்று நேரம் ஓய்வு கொடுத்தால் வலை தளர்ந்து, சொன்னபடி கேட்கும். குளூட்டன் என்ற சொல்லை அறியாத காலத்திலேயே கைகள் அதன் இயல்பை அறிந்திருந்தன.

கடைகளுக்கென ஒரு நூல்

வீட்டுப் பண்டமாக இருந்த நூடுல்ஸ் எப்போது கடைக்கு வந்தது? சோங் மன்னர்களின் தலைநகரான கைஃபெங் இதற்கு விடை தருகிறது. அதற்கு முந்தைய தாங் காலத் தலைநகரில் கடைகள் மதில் சூழ்ந்த அங்காடிகளுக்குள் அடங்கி இருந்தன. மாலையில் முரசு அறைந்ததும் கதவுகள் மூடப்பட்டன. கைஃபெங்கில் இந்தக் கட்டு அவிழ்ந்தது. கடைகள் தெருவுக்கு வந்தன. இரவு அங்காடிகள் நள்ளிரவு கடந்தும் நடந்தன. வீட்டில் அடுப்பு மூட்ட நேரமில்லாத நகர மக்கள் கடைகளில் நின்று நூடுல்ஸ் உண்டார்கள்.

1127-இல் வடக்கிலிருந்து வந்த ஜுர்ச்சென் படையினரிடம் கைஃபெங் வீழ்ந்தது. மக்கள் தெற்கே ஹாங்சோவுக்கு ஓடினார்கள். அவர்களுள் ஒருவர் மெங் யுவான்லாவ். இழந்த நகரத்தை மறக்க முடியாமல் அவர் 1147-இல் ஒரு நூலை எழுதி முடித்தார். எந்தத் தெருவில் எந்த உணவுக் கடை, அங்கே என்ன கிடைக்கும் என்று வரிசையாகக் குறித்து வைத்தார். நல்ல கடையைத் தேடும் பயணிக்கு எழுதிய கைந்நூல்போலவே அது தோன்றும். ஆனால் அவர் எழுதியபோது அந்தக் கடைகள் இல்லை. அகதிகளாகச் சென்ற வடநாட்டார் அரிசி விளையும் தெற்கிலும் கோதுமைப் பண்டங்களைத் தேடினார்கள். கோதுமை விளைச்சல் அங்கே பெருகியது. நூடுல்ஸ் கடைகள் தெற்கிலும் வேரூன்றின. மாவைக் கையால் இழுத்து நூடுல்ஸ் செய்யும் முறையை 1504-இல் சோங் ஷூ என்பவர் எழுதிய நூல் விவரிக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழங்கதையையும் தீர்த்துவிடலாம். மார்க்கோ போலோதான் நூடுல்சைச் சீனாவிலிருந்து இத்தாலிக்குக் கொண்டுசென்றார் என்பார்கள். அவர் வெனிசுக்குத் திரும்பியது 1295-இல். ஆனால் 1154-இலேயே அராபிய நிலநூல் அறிஞர் இத்ரீசி, சிசிலித் தீவில் கோதுமை மாவு இழைகள் செய்யப்பட்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானதைக் குறித்திருக்கிறார். ஆகவே இக்கதை உண்மையன்று.

தோளில் சுமந்து வந்த கடை

மீண்டும் லான்சோவுக்கு வருவோம். பட்டுப் பாதையில் செல்லும் வணிகக் கூட்டங்கள் மஞ்சள் ஆற்றைக் கடந்த இடங்களுள் இது ஒன்று. மேற்கிலிருந்து வந்த வணிகர் வழியாக இஸ்லாமும் இங்கே வந்தது. சீன மொழி பேசும் ஹுய் என்னும் முஸ்லிம் மக்கள் இப்பகுதியில் பெருகி வாழ்கிறார்கள். அவர்கள் பன்றி இறைச்சி உண்பதில்லை. அருகே மேய்ச்சல் நிலங்கள்; மாடும் கவரிமாவும் நிறைய. வயலில் கோதுமை. இம்மூன்றும் சந்தித்த இடத்தில் மாட்டிறைச்சி நூடுல்ஸ் பிறந்ததில் வியப்பில்லை.

இதன் தோற்றம் பற்றிப் பல கதைகள் உள்ளன. நகரத்தார் பெரும்பாலும் சொல்லும் பெயர் மா பாவ்சி. இவர் ஒரு ஹுய் ஏழை. 1915-ஆம் ஆண்டளவில், வீட்டில் செய்த நூடுல்சையும் சாற்றையும் காவடிபோல் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார் என்பது வரலாறு. வியாபாரம் பெருகிப் பின்னர்க் கடை வைத்தார். தெளிந்த சாறு அவர் கடையின் சிறப்பு.

ஐந்து அடையாளங்கள்

இனி நம் பயணி கடையைத் தேடலாம்.

முதலில் பெயர்ப் பலகை. சீனாவின் பிற நகரங்களில் 'லான்சோ இழு நூடுல்ஸ்' என்று எழுதிய கடைகள் ஏராளம். அவற்றுள் பல, சிங்காய் மாகாணத்தின் ஹுவாலொங் பகுதியிலிருந்து பிழைக்கச் சென்றவர்கள் நடத்துபவை. லான்சோ மக்களோ அந்தப் பெயரைப் பயன்படுத்துவதில்லை. 'மாட்டிறைச்சி நூடுல்ஸ்' என்றே சொல்கிறார்கள். அடுத்தது நேரம். சாறு முன்னதாகவே கொதித்துத் தயாராக இருக்கும். காலைக் கிண்ணமே சிறந்தது. பழைய கடைகள் பல பிற்பகலிலேயே மூடிவிடும். கடைக்குள் நுழைந்து, முதலில் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, அதை அடுப்படிச் சாளரத்தில் நீட்ட வேண்டும். எந்த வடிவ இழை வேண்டும் என்று அப்போது சொல்ல வேண்டும். மயிரிழை, மெல்லிழை, பட்டை, அகலப்பட்டை என்று பல வகை. அவற்றுள் ஒன்றின் பெயர் 'வெங்காயத்தாள் இலை'! ஆம், 6-ஆம் நூற்றாண்டு நூலில் கண்ட அதே அளவுகோல். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக அந்த இலை மாவுக்கு அளவாக இருந்து வருகிறது.

இழுப்பவரின் கணக்கைக் கவனியுங்கள். ஓர் உருண்டை மாவை நீட்டி, மடித்து, மீண்டும் நீட்டுகிறார். ஒரு மடிப்பில் 2 இழை, இரண்டாவதில் 4, மூன்றாவதில் 8. எட்டாவது மடிப்பில் 256 இழைகள்! கையகலம் 1.5 மீட்டர் என்றால் மொத்த நீளம் 384 மீட்டர். 200 கிராம் மாவு இந்த நீளத்துக்கு இழுபட்டால், இழையின் குறுக்களவு ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர்தான் இருக்கும். இத்தனையும் ஓரிரு நிமிடங்களில்! லான்சோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 95 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். ஆயினும் இவ்வளவு மெல்லிய இழை வேகச் சிறிது நேரமே போதும்.

இப்போது கிண்ணம் வந்துவிட்டது. ஒன்று, சாறு தெளிவாக இருக்க வேண்டும். இறைச்சியையும் எலும்பையும் பல மணி நேரம் கொதிக்க வைத்தால் சாறு கலங்கத்தானே வேண்டும்? இறைச்சியை ஊறவைத்த நீரைச் சாற்றில் சேர்க்கிறார்கள். அதில் கரைந்துள்ள புரதம் சூட்டில் திரண்டு, கலங்கலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு மேலே மிதக்கிறது. நுரையை அகற்றினால் அடியில் தெளிந்த சாறு. கலங்கிய சாறு அவசரத்தின் அடையாளம். இரண்டு, வெள்ளை முள்ளங்கித் துண்டுகள். மூன்று, சிவந்த மிளகாய் எண்ணெய். நான்கு, பச்சைக் கொத்தமல்லியும் பூண்டுத் தாளும்.

ஐந்தாவதான மஞ்சள், இழையின் நிறம். இதில் மஞ்சள்தூள் எதுவும் சேர்ப்பதில்லை. வறண்ட உவர் நிலத்தில் வளரும் 'பெங்' என்னும் செடியை எரித்த சாம்பலிலிருந்து எடுக்கும் காரத்தை மாவில் கலப்பது பழைய முறை. பொட்டாசியம் கார்பனேட்டு அதன் முக்கிய பொருள். கோதுமை மாவில் உள்ள பிளேவனாய்டு என்னும் நிறமிகள் சாதாரண நிலையில் நிறமற்றவை. காரம் பட்டதும் மஞ்சளாகின்றன. துணியில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவப்பதை நினைத்துப் பாருங்கள். காரத்தால் நிறம் மாறும் செயல்தான் அதுவும். அதே காரம் குளூட்டன் வலையையும் உறுதியாக்கி, இழைக்குத் துள்ளலைத் தருகிறது. நம் அப்பளத்துக்கு அப்பளக்காரம் எப்படியோ, இந்த நூடுல்சுக்கு அந்தச் சாம்பல் அப்படி. இன்று பெரும்பாலான கடைகளில் ஆலையில் செய்த காரக் கலவைப் பொடி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பொடி மிகுந்தால் நிறமும் மணமும் காட்டிக்கொடுத்துவிடும். இளமஞ்சள் நல்லது, அடர் மஞ்சள் ஐயத்துக்குரியது.

இந்த ஐந்து நிறங்களின் ஊர் எது? கோதுமையும் கொத்தமல்லியும் மேற்கிலிருந்து வந்தவை. மிளகாய் அமெரிக்காவில் பிறந்து 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவை அடைந்தது. லான்சோவுக்கே உரியது என்று ஊரார் பெருமைப்படும் கிண்ணத்தில் பாதி, விருந்தாளிகள்!

கிண்ணத்தின் விலை

இந்த உணவு எப்போதும் எளியோரின் காலை உணவு. 1955 முதல் சீனாவில் தானியப் பங்கீட்டுச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. பணம் மட்டும் இருந்தால் போதாது. ஒரு கிண்ணம் நூடுல்சுக்கும் சீட்டு நீட்ட வேண்டும். தனியார் கடைகள் அரசுடன் இணைக்கப்பட்டன. 1978-க்குப் பின் வந்த பொருளாதாரச் சீர்திருத்தத்தால் சிறு கடைகள் மீண்டும் முளைத்தன. 1993-இல் சீட்டு முறை ஒழிந்தது.

2007-இல் மாவும் இறைச்சியும் விலையேறின. கடைக்காரர்கள் கிண்ணத்தின் விலையை உயர்த்தினார்கள். ஊரே கொதித்தது. அரசு தலையிட்டது. சாதாரணக் கடைகளில் பெரிய கிண்ணம் 2.50 யுவானுக்கு மேல் விற்கக்கூடாது என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. ஒரு சிற்றுண்டியின் விலைக்கு அரசாணையா என்று சீனாவின் பிற பகுதிகளில் விவாதம் எழுந்தது. இரு பக்கமும் நியாயம் இருந்தது. காலை உணவு கைக்கு எட்டாமல் போவதைக் கூலித் தொழிலாளி எப்படித் தாங்குவார்? விலை ஏறாவிட்டால், அடங்கிய வருவாயில் கடைக்காரர் இறைச்சியைக் குறைப்பார். அல்லது இழுக்கும் கைக்குக் கூலி குறைப்பார். மலிவு, தரம், கூலி ஆகிய மூன்றையும் ஒரே கிண்ணத்தில் வைப்பது எளிதன்று.

2021-இல் லான்சோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் செய்யும் கலையைச் சீன அரசு தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் பட்டியல் மாவைப் பிசையாது. விடியுமுன் எழுந்து மாவை அறையும் கைகள் இருக்கும்வரைதான் அந்தக் கலை இருக்கும்.

ஆகவே, நல்ல கடையைத் தேடும் பயணி பெயர்ப் பலகையைப் பார்க்க வேண்டாம். விடியற்காலையில் வரிசை நிற்கும் இடத்தைப் பார்க்கட்டும். உள்ளே மாவு அறையும் ஓசையைக் கேட்கட்டும். கிண்ணம் வந்ததும், இழை தெரியும்படி சாறு தெளிந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கட்டும். லாஜியாவில் யாரோ ஒருவர் உண்ண முடியாமற்போன உணவின் நினைவோடு, சூடு ஆறுமுன் உண்ணட்டும்.